வீட்டுப் பட்டறைக்கு இடம் பார்ப்பது எப்படி

வீட்டில் ஒரு பட்டறை போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் மெஷின் பார்க்கத்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்த ரம்பம் நல்லது, எந்த டிரில்லிங் மெஷின் வாங்கலாம் என்று வாரக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டு, இடத்தை மட்டும் "பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மெஷின் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். இடம் சரியில்லை என்றால் வயரிங், அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யோசிக்க வேண்டிய நேரத்தில் பெரும்பங்கு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இடம் என்றதும் எல்லோரும் எத்தனை சதுர அடி என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பொருள் உள்ளே வந்து வெளியே போக வழி இருக்கிறதா, தூசியும் சத்தமும் எங்கே போகும், கரன்ட் தாங்குமா, ஈரம் ஏறுமா, பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா, இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு அளவைப் பார்த்தால் போதும். இவை எல்லாவற்றையும் ஒரு மெஷின்கூட வாங்காமல், கிட்டத்தட்டச் செலவே இல்லாமல், அந்த இடத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் என்ன வேலை என்று தெளிவாக இருங்கள்

மர வேலை, இரும்பு வேலை, எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் ஒரே மாதிரி இடத்தைக் கேட்பதில்லை. சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்பவருக்கு நாலடி மேசை, நல்ல வெளிச்சம், புகை போக ஒரு ஜன்னல் இருந்தால் படிக்கிற அறையின் மூலையே தாராளம். உளி, இழைப்புளி, கைரம்பம் வைத்து வேலை செய்பவருக்கு ஐந்தடி நீளத்தில் ஆடாத மேசையும் அதன் முன்னால் மூன்றடி காலி இடமும் இருந்தால் அழகாக வேலை நடக்கும். மின்சார ரம்பம் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். அதனால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் உண்மையிலேயே என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஸ்டூல், புத்தக அலமாரி, பெட்டி என்றால் ஒரு இடம். கட்டில், பீரோ, கதவு என்றால் வேறு இடம்.

வெல்டிங்கும் கிரைண்டரும் உங்கள் பட்டியலில் இருந்தால் அவற்றை மரத்தூள் விழும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கிரைண்டரின் தீப்பொறி பல அடி தூரம் பறக்கும். தூள் குவியலுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளேயே கனன்றுகொண்டிருந்து நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பிடித்துக்கொள்ளும். அது போதாது என்று, இரும்புத் துகள் படிந்த மரத்தில் ஈரம் பட்டால், டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மர வகைகளில் கருநீலக் கறை பிடிக்கும், அது மேலாகத் தேய்த்தால் போகாது. இரண்டு வேலையும் செய்ய ஆசை என்றால் மரம் உள்ளே, இரும்பு வெளியே சிமென்ட் தரையில் என்று பிரித்துவிடுங்கள்.

பொருள் வரும் வழி

வண்டியிலிருந்து மரத்தை இறக்கும் இடத்தில் ஆரம்பித்து, வேலை மேசை வரப்போகிற இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள், ஆனால் கையை வீசிக்கொண்டு நடக்காதீர்கள். பிளைவுட் ஷீட் வழக்கமாக 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 மில்லிமீட்டருக்கு 1220. 18 மி.மீ. தடிமன் உள்ள ஷீட் ஒன்று 30 கிலோ வாக்கில் எடை இருக்கும். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து டேப் ஒட்டி அதே அளவில் ஒரு அட்டை ஷீட் செய்துகொண்டு, வீட்டில் இன்னொருவரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போங்கள். எங்கே முட்டுகிறது என்று உடனே தெரிந்துவிடும்: வராந்தாவின் திருப்பத்தில், மாடிப்படி வளைவில், நடுவில் தொங்குகிற விளக்கில், உள்பக்கமாகத் திறக்கும் கதவில். அட்டை முட்டினால் வளைந்து கொடுக்கும். 30 கிலோ பிளைவுட் சுவரைப் பெயர்த்துவிட்டுத்தான் போகும்.

கதவை அளக்கும்போது நிலைக்கு நிலை டேப் பிடிக்காதீர்கள். கதவை முழுக்கத் திறந்து வைத்து, கதவுப் பலகையின் தடிமனும் கைப்பிடியும் போக மிஞ்சுகிற இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். சில கதவுகள் பின்னால் இருக்கும் சுவர் இடித்து செங்கோணத்துக்கு மேல் திறக்காது, அங்கே ஓரிரு அங்குலம் போய்விடும். உள்ளே வரும் வழியை மட்டும் பார்த்தால் போதாது, செய்து முடித்த பொருள் வெளியே போக வேண்டும். பலகையாக உள்ளே போனது மூன்றடி ஆழமுள்ள பீரோவாக வெளியே வரும்போது இரண்டரை அடி வாசலில் என்ன ஆகும் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூரை உயரத்தையும் கவனியுங்கள். 8 அடிக்கு 4 அடி ஷீட்டின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 9 அடி. நீளப்பக்கம் தரையில் படுத்திருக்கும் ஷீட்டை அப்படியே சுவரோரமாகச் சுழற்றி நிமிர்த்த அவ்வளவு உயரம் தேவை. கூரை அதைவிடத் தாழ்வாக இருந்தால் பிளைவுட்டைப் படுக்கை வாட்டில்தான் சாய்த்து வைக்க வேண்டியிருக்கும், அதற்கு எட்டடிச் சுவர் ஒன்றை ஒதுக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்துவிட்டு என் வீட்டில் வழியே இல்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். கடையிலேயே ஷீட்டை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டித் தரச் சொல்லலாம், அல்லது முற்றத்திலேயே தரையில் ஃபோம் போர்டு விரித்து அதன்மேல் ஷீட்டைப் போட்டு, கையில் பிடிக்கிற சர்க்குலர் ரம்பத்தால் தோராயமாக வெட்டிவிட்டு, துண்டுகளை மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். பெரிய ஷீட்டை முழுசாக உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதவர்களுக்கு இடம் தேடுவது பாதி சுலபமாகிவிடுகிறது.

மெஷின் நிற்கும் இடம் வேறு, அது கேட்கும் இடம் வேறு

மேசை ரம்பம் தரையில் பிடிக்கிற இடம் மூன்றடிக்கு மூன்றடிதான். ஆனால் எட்டடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். இழைக்கும் மெஷினும் அப்படித்தான், பலகையின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேர்கோட்டில் காலியாக இருக்க வேண்டும். பல வீட்டில் அவ்வளவு நீளத்துக்கு அறையே கிடையாது. இதற்கு நான் எப்போதும் சொல்வது, மெஷினைக் கதவுக்கு நேராக வையுங்கள் என்பதுதான். நீளப் பலகை வரும்போது கதவைத் திறந்துவிட்டால் அது வெளியே நீட்டிக்கொண்டு போகும், அறையின் நீளத்தைக் கதவு இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். ஆகையால் இரண்டு அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கதவு நீளம் குறைந்த சுவரின் நடுவில் இருக்கிற அறையை எடுங்கள், அது இன்னொன்றைவிடச் சின்னதாக இருந்தாலும் சரி.

பலகையைக் குறுக்கே வெட்டுகிற மைட்டர் ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் நீளம் வேண்டும், அது நீளச் சுவரோரம் போகட்டும். நிற்கிற டிரில்லிங் மெஷின் மூலையில் நின்றால் போதும். மெஷின்களுக்குச் சக்கரம் போட்டுவிட்டால் ஒன்றுக்கான இடத்தை எல்லாம் பகிர்ந்துகொள்ளும், வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிடலாம். தரை சமமாக இருந்தால்தான் இது நடக்கும். குண்டும் குழியுமான தரையில் சக்கரம் பிரயோஜனமில்லை.

தூசி, சத்தம்

என் கணிப்பில் வீட்டுப் பட்டறைகள் இழுத்து மூடப்படுவதற்கு இடப்பற்றாக்குறையைவிட இந்த இரண்டும்தான் பெரிய காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற சுருளும் தூளும் கீழே விழுந்துவிடும், பெருக்கி அள்ளிவிடலாம். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள துகள் காற்றிலேயே நெடுநேரம் மிதக்கும், நுரையீரல் வரை போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அறைக்குள் வைக்கிற சாதாரணத் துணிப்பை போட்ட தூசி உறிஞ்சி பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு இந்த நுண்தூசியில் ஒரு பகுதியைத் துணி வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே விட்டுவிடும். ஆகவே எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கிற இடமாகப் பாருங்கள், ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன், மறுபக்கம் காற்று உள்ளே வரக் கதவோ ஜன்னலோ. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் ஃபேன் மாட்டினால் காற்று எங்கிருந்து வரும்? வீட்டுக்குள்ளிருந்துதான். அதற்கும் வழி விடாமல் கதவை அடைத்துவிட்டால் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

தூசி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஒரு ஊதுபத்தி போதும். அறை நடுவில் பற்றவைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்தும் மூடியும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சமையலறைப் பக்கமோ படுக்கையறைப் பக்கமோ இழுத்துக்கொண்டு போனால் நாளைக்குத் தூசியும் அங்கேதான் போகும். ஏசி காற்றுக் குழாய் வீடு முழுக்க ஓடுகிறது என்றால் அந்தக் குழாயின் வாய் இருக்கிற அறையைப் பட்டறைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

இனி சத்தம். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நையோஷ் வைத்திருக்கும் வரம்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சர்க்குலர் ரம்பமும், மரத்தில் பள்ளம் தோண்டுகிற ரவுட்டரும் அந்த 100-ஐ ஒட்டித்தான் கத்தும். உங்கள் காதுக்கு மஃப் போட்டுக்கொள்ளலாம், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிற குழந்தைக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் என்ன செய்வது? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். சுவரை ஒட்டி இருந்தால் அந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் சத்தம் காற்றில் மட்டும் போவதில்லை, மேசைக்கால் வழியாகத் தரைக்கும் தரை வழியாகச் சுவருக்கும் இறங்கிப் போகும். மாடித்தளங்களில் இது இன்னும் மோசம்.

அதனால் இரவல் வாங்கியாவது ஒரு டிரில்லிங் மெஷினையோ ரம்பத்தையோ கொண்டுவந்து அந்த இடத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒவ்வொரு அறையிலும் போய் நின்று கேளுங்கள். அப்புறம் வெளியே போய் வேலியோரம் நின்று கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, எந்த நேரம் அவர்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டுவிடுவது ஆயிரம் ஃபோம் ஷீட் ஒட்டுவதைவிடப் பலன் தரும். சுவரில் ஒட்டுகிற மெல்லிய ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளியே போகிற சத்தத்தை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் வேண்டும்.

கரன்ட்டும் வெளிச்சமும்

மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு வரை கரன்ட் இழுக்கும். ஏற்கெனவே ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் இருக்கிற லைனில் ரம்பத்தைச் செருகினால் எம்சிபி, அதாவது லோடு கூடினால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச், விழுந்துகொண்டே இருக்கும். மெயின் போர்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள், தூரம் கூடக் கூட வயரின் தடிமனும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள், அதுவும் சுருட்டி வைத்த நிலையில் கனமான மெஷினை ஓட்டினால் வயரே சூடேறி உருகிவிடும். பட்டறைக்கென்று தனி லைன், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்), இந்த மூன்றையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துகொள்ள முடிகிற இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்குப் பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற இடம் நல்லது, பின்னாலிருந்து வந்தால் உங்கள் நிழலே குறித்த கோட்டின்மேல் விழும். மெஷின் மேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுக்கு விளக்கு இருந்தால் கண் சோராது. விளக்கு துடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள், பழைய சோக் போட்ட டியூப் லைட்டுக்கு அடியில் சில வேகங்களில் சுற்றுகிற பிளேடு நின்றுகொண்டிருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும்.

ஈரம்

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்புக் கருவி துருப்பிடிப்பது வேகமெடுக்கும், மரமும் உப்பி வளையும். ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி அந்த இடத்தில் சில நாட்கள் மாட்டி வைத்து, காலையிலும் இரவிலும் எண்ணைக் குறித்து வாருங்கள். தரை வழியாக ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, ஒன்றரை அடி சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வெறும் கான்கிரீட் தரைமேல் விரித்து நாலு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ தரை கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் நீர்த்துளி இருந்தால் அது காற்றிலுள்ள ஈரம், காற்றோட்டத்தால் சரிசெய்துகொள்ளலாம். கீழிருந்து வருகிற ஈரத்துக்கு அப்படிச் சுலபத் தீர்வு கிடையாது. மழைக்காலத்தில் ஒருமுறை இதைச் செய்துவிட்டு முடிவெடுப்பது உத்தமம்.

எந்த இடத்துக்கு என்ன

கார் ஷெட் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. அகலக் கதவு, சிமென்ட் தரை, வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, வண்டி வாசலிலேயே நிற்கும். காரும் அங்கேயே நிற்க வேண்டும் என்றால் எல்லா மெஷினும் சக்கரத்தில் இருக்க வேண்டும். உள்ளே வண்டி எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட விடாதீர்கள், அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து வரும், ஆகவே கேனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும்.

நிலவறையில் சத்தம் வெளியே அதிகம் போகாது, வெப்பநிலையும் பெரிதாக மாறாது. ஆனால் ஈரம், படிக்கட்டு, ஒரே வழி. தின்னர், வார்னிஷ் வேலையை அங்கே வைக்காதீர்கள், ஆவி கீழேயே தங்கும். கேஸ் ஹீட்டர் ஏதாவது அங்கே எரிந்துகொண்டிருந்தால் இன்னும் ஆபத்து.

உள் அறை வசதிதான், கைக்கருவி வேலைக்கு அதைப்போல் இடமில்லை. மின்சார ரம்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடியிலும் பால்கனியிலும் எடையைப் பாருங்கள். பல நாடுகளின் கட்டட விதிகளில் வீட்டு அறைத்தளம் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ வாக்கில்தான் கணக்கிடப்படுகிறது, கனமான வார்ப்பிரும்பு லேத் (கடைசல் மெஷின்) ஒன்று நாலு கால் வழியாக அவ்வளவையும் ஒரே இடத்தில் இறக்கும். அறை நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரையோ உத்திரத்தையோ ஒட்டி வையுங்கள், சந்தேகம் இருந்தால் கட்டட எஞ்சினியரைக் கேட்டுவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் பேட்டரிக்கும் பசைக்கும் தாங்காது.

தோட்டத்தில் தனியாக ஷெட் போடுவதாக இருந்தால் தூசியும் சத்தமும் ஒரே அடியில் தீர்ந்தன, கரன்ட் இழுப்பதற்கும் பூட்டுக்கும் செலவு கூடும். கட்டுவதற்கு முன் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த எல்லாவற்றிலும் கதவுக்குப் பக்கத்திலேயே தீயணைப்பான் மாட்ட ஒரு சுவர் இருக்க வேண்டும், தீ பிடித்தால் நீங்கள் வாசலை நோக்கிப் போகிற வழியில் அது கைக்கு எட்ட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அதை விரித்துக் காயப்போட வெளியே ஒரு இடம் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பூட்டு போட முடியாத இடத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

பாதி வேலையை விட்டுவிட்டுப் போக முடியுமா

சமமான இரண்டு இடம் கடைசிவரை வந்தால் நான் பார்ப்பது இதைத்தான். பசை போட்டு கிளாம்ப் மாட்டிய சட்டத்தை ராத்திரி முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். வார்னிஷ் அடித்த பலகை தூசி படாமல் காய வேண்டும். உளி, கோடு கிழிக்கிற குறிகோல், அளந்து வைத்த துண்டுகள் எல்லாம் மேசைமேல் அப்படியே இருந்தால் மறுநாள் அரைமணி நேரம் கிடைத்தால்கூடப் போய் உட்கார்ந்து ஒரு இணைப்பைச் செதுக்கிவிடலாம். ஒவ்வொரு தடவையும் விரித்து, சுருட்டி, துடைத்து வைக்க வேண்டிய பெரிய இடத்தில் அந்த அரைமணி எடுத்து வைப்பதிலேயே போய்விடும். சாப்பாட்டு மேசையைப் பகிர்ந்துகொள்கிற இருநூறு சதுர அடியைவிட, கதவைச் சாத்திவிட்டு வரக்கூடிய அறுபது சதுர அடி எவ்வளவோ மேல் என்பேன். தூரமும் அதே கணக்குதான். மழையில் நனையாமல் போய்வர முடிகிற இடம் என்றால் வேலை நடக்கும், சாவி வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போக வேண்டிய இடம் என்றால் வாரக்கடைசிக்கு மட்டும்தான்.

இடத்தை ஏறக்குறைய முடிவு செய்தவுடன் தரையில் சாக்பீஸால் மேசை, ரம்பம், அலமாரி எல்லாவற்றையும் நிஜ அளவில் வரையுங்கள். உயரம் தெரிய வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியை அடுக்குங்கள். செய்யப்போகிற பொருள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பலகையை எடுப்பதுபோல, அறுப்பதுபோல, மேசைக்குக் கொண்டுவருவதுபோல அந்த அட்டை ஷீட்டை வைத்துக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கே இரண்டு தடவை சுற்றிப் போக வேண்டியிருக்கிறதோ அங்கே கோட்டை அழித்து மாற்றி வரையுங்கள். கோடுகள் ஒரு வாரம் மாறாமல் நின்றதும் எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தக் கோடுகளைக் காட்டியே பிளக் பாயின்ட் எங்கெங்கே என்று சொல்லுங்கள். மேசை உயரத்துக்கு ஒரு சாண் மேலே பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள், சாய்த்து வைக்கிற பலகை மறைக்காது. சுவரில் அலமாரி ஏறுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்துவிட வேண்டும்.